வெள்ளைக்கும் கருப்புக்கும் ஒரே லிட்டர் கணக்கா?

நம் பொது சாயக்கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் இயக்குநர் குழுவினருக்கும் உறுப்பினர் ஆலைகளின் உரிமையாளர்களுக்கும் திருப்பூரிலிருந்து ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

வரும் பொதுக்குழுவில், நாம் நிலையத்துக்கு அனுப்பும் கழிவுநீருக்கான லிட்டர் கட்டணத்தை மறுபடியும் உயர்த்தும் தீர்மானம் வரப்போகிறது. மின்கட்டணம் ஏறிவிட்டது, விறகு விலை ஏறிவிட்டது, ஆர்.ஓ.வில் தண்ணீரை வடிகட்டும் மெம்பிரேன் சவ்வை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று மூன்று காரணங்கள் சொல்லியிருக்கிறீர்கள். மூன்றும் உண்மை. நிலையம் ஓடினால்தான் நம் பட்டறைகள் ஓடும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் உயர்வை எதிர்த்து இதை எழுதவில்லை. ஏறிய செலவை எந்தக் கணக்கில் நமக்குள் பங்கு பிரிக்கப்போகிறீர்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

நான் சிறிய பட்டறைக்காரன். வெளுப்பும் வெளிர் நிறச் சாயமும் ஜாப் வொர்க்காக, அதாவது பிறர் துணிக்குக் கூலிக்குச் செய்கிறேன். ஆகவே நான் சொல்லப்போவதில் என் ஆதாயமும் இருக்கிறது. கூட்டத்தில் யாராவது எழுந்து அதைச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆளைப் பார்க்காமல் கணக்கைப் பாருங்கள்.

ஒரு லாட் கருப்புத் துணியை எடுத்துக்கொள்வோம். 500 கிலோ பனியன் துணி, குறைந்த தண்ணீரில் சாயமிடும் சாஃப்ட்ஃப்ளோ மெஷின், கிலோவுக்கு ஆறு லிட்டர் தண்ணீர். மெஷினுக்குள் 3,000 லிட்டர் நிற்கிறது. ரியாக்டிவ் சாயம் பருத்தியில் பிடிக்க உப்பு வேண்டும். கருப்பு, நேவி, அடர்சிவப்பு என்றால் லிட்டருக்கு 80 கிராம் போடுவது நம்மில் யாருக்கும் புதிதல்ல. கணக்குப் பார்த்தால் 240 கிலோ உப்பு, ஏறக்குறைய ஐந்து மூட்டை. இதே 500 கிலோவை இளம் ரோஸாகவோ பிஸ்தா பச்சையாகவோ போட்டால் லிட்டருக்கு 20 கிராமில் வேலை முடிந்துவிடும். 60 கிலோ போதும். வெள்ளைக்கு உப்பு மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம்.

சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடுகிறது. உப்பு அப்படிப் போவதில்லை. சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது. போட்ட உப்பு அத்தனையும் அலசல் தண்ணீரோடு கலந்து குழாய் வழியாக நம் நிலையத்துக்குத்தான் வந்து சேர்கிறது.

இந்த இரண்டு லாட்டுக்கும் அலசல் எல்லாம் சேர்த்து கிலோவுக்கு 40 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், இரண்டு பட்டறைகளும் ஆளுக்கு 20,000 லிட்டர் அனுப்புகின்றன. கருப்புக்கு அலசல் கொஞ்சம் கூடும். ஆனால் உப்பு நான்கு மடங்கு ஏறுகிறதே, அந்த அளவுக்குக் கூடாது. இரண்டு பேருக்கும் நீங்கள் அனுப்பும் பில் ஒன்றுதான். 60 கிலோ உப்பு அனுப்பியவனும் 240 கிலோ அனுப்பியவனும் ஒரே தொகையைக் கட்டுகிறார்கள். உப்பே சேர்க்காத வெள்ளைப் பட்டறைக்காரரும் அதே தொகையைத்தான் கட்டுகிறார்.

தண்ணீர் உள்ளே வந்த பிறகு என்ன ஆகிறது என்று நிலையத்தின் ஆபரேட்டர்களைக் கேட்டால் தெரியும். உயிரியல் தொட்டியைத் தாண்டி, நிறம் நீங்கி, ஆர்.ஓ.வுக்குப் போகிறது. ஆர்.ஓ. நல்ல தண்ணீரைப் பிழிந்தெடுத்துக்கொண்டு உப்பையெல்லாம் ரிஜெக்ட் என்று ஒரு பக்கம் ஒதுக்குகிறது. அந்த ரிஜெக்டை எவ்வளவு கெட்டியாக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. பேச்சுக்கு லிட்டருக்கு 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உள்ளே வரும் ஒவ்வொரு கிலோ உப்பும் 20 லிட்டர் ரிஜெக்டைக் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறது. வெளிர் நிற லாட்டின் 60 கிலோ 1,200 லிட்டர் ரிஜெக்டாக நிற்கும். கருப்பு லாட்டின் 240 கிலோவோ 4,800 லிட்டர். கடினத்தன்மை, சிலிக்கா என்று வேறு இடைஞ்சல்களும் ஆர்.ஓ.வில் இருப்பதால் கணக்கு இவ்வளவு நேர்கோட்டில் போகாது. போகும் திசை மாறாது.

இந்த ரிஜெக்ட்தான் அதிலுள்ள தண்ணீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டருக்குப் போகிறது. பணம் கரையும் இடம் அதுதான். மெம்பிரேன் வழியாகத் தண்ணீரைத் தள்ளப் பம்ப்பின் அழுத்தம் போதும். ஆவியாக்க வேண்டுமானால் லிட்டருக்கு ஏறத்தாழ 540 கிலோ கலோரி வெப்பம் கொடுத்தாக வேண்டும். ஒரு கட்டத்து நீராவியை அடுத்த கட்டத்தில் திரும்பப் பயன்படுத்தி அதைப் பல மடங்கு குறைத்திருக்கிறோம் என்பது சரி. குறைத்த பிறகும் ஆர்.ஓ. கேட்கும் செலவைவிட அது எவ்வளவோ அதிகம். நீங்கள் சொன்ன காரணங்களையே திரும்பப் பாருங்கள். விறகு கொதிகலனுக்குப் போகிறது. மின்சாரத்தில் கணிசமான பங்கை எவாப்பரேட்டர் பகுதி இழுக்கிறது. உப்பு ஏற ஏற அழுத்தத்தையும் ஏற்ற வேண்டியிருப்பதால் மெம்பிரேனின் ஆயுளும் குறைகிறது. மூன்று காரணங்களின் பின்னாலும் உப்புதான் நிற்கிறது. பில்லிலோ லிட்டர் மட்டும்தான் இருக்கிறது.

ஆறு குடித்தனங்கள் உள்ள வளாகத்தில் ஒரே மின் மீட்டரை வைத்துவிட்டு, ஏசி போடுகிற வீட்டுக்கும் ஃபேன் மட்டும் சுற்றுகிற வீட்டுக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்கணக்குப் போடுவது போலத்தான் இருக்கிறது.

லிட்டர் எப்படி அளவுகோல் ஆனது என்பதற்கும் காரணம் இருக்கிறது. நம் சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றின் ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் விதித்த அபராதமே லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கிப் படிப்படியாக ஏறுவதாக இருந்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் நம் மேல்முறையீட்டில் சாயக்கழிவு துளிகூட வெளியேறக் கூடாது என்ற நிலையை உறுதிப்படுத்தியது. 2011 ஜனவரியில் வந்த உத்தரவில் 700க்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகள் மூடப்பட்டன. அந்த மாதங்களை அனுபவித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிறகு மாநில அரசு பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்து, நிலையங்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. எப்படியாவது திறக்க வேண்டும் என்று இருந்த அந்த நேரத்தில் குழாயில் ஒரு ஃப்ளோ மீட்டரைப் பொருத்தி லிட்டருக்கு இவ்வளவு என்று வசூலிப்பதே கைக்கு எட்டிய வழி. அன்றைக்கு அதை ஏற்றுக்கொண்டதில் தவறில்லை. அவசரத்தில் போட்ட ஏற்பாடு இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் மாறாமல் கிடப்பதுதான் சரியில்லை.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை 1996இல் வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் நாட்டின் சட்டமாகவே சொல்லிவிட்டது. நாமும் அதற்குக் கட்டுப்பட்டுத்தான் இவ்வளவு செலவு செய்கிறோம். ஆனால் நீதிமன்றம் நம்மை வெளியே நின்று ஒரே கூட்டமாகப் பார்க்கிறது. கூட்டத்துக்குள் யார் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது நம் வேலை. அந்த வேலையை நாம் செய்யவில்லை.

இதில் இன்னொரு கோணலும் உண்டு. நிலையத்தில் மீட்கும் உப்புநீரைத் திரும்பச் சாயமிட எடுத்துக்கொள்கிறோம். பலர் சாதா உப்பை விட்டு கிளாபர் உப்புக்கு, அதாவது சோடியம் சல்பேட்டுக்கு மாறியதே அதைப் பிரித்தெடுப்பது சுலபம் என்பதால்தான். நல்ல ஏற்பாடு, நம் ஊர் பெருமைப்பட வேண்டிய ஏற்பாடும்கூட. அந்த உப்புநீர் யாருக்குப் பயன்படுகிறது? அடர்நிறம் போடுகிறவர்களுக்கு. வெள்ளைப் பட்டறைக்கு அதில் ஒரு குடம்கூட வேண்டாம். ஆக, தான் போடாத உப்பை எடுக்கும் செலவில் பங்கு கட்டுகிறார் வெள்ளைப் பட்டறைக்காரர். எடுத்த உப்பு இன்னொருவருடைய மெஷினுக்குப் போய்ச் சேர்கிறது.

இனி நம்முடைய கூலிப் பட்டியலைப் பாருங்கள். பனியன் கம்பெனிக்காரர்களிடம் வெள்ளைக்கு ஒரு ரேட், வெளிர் நிறத்துக்கு ஒரு ரேட், அடர்நிறத்துக்கு ஒரு ரேட் என்றுதான் நாம் எல்லோரும் வாங்குகிறோம். அடர்நிறத்துக்குச் சாயம் அதிகம் பிடிக்கும், நேரம் அதிகம் எடுக்கும் என்பது அதில் ஒரு பகுதி. சுத்திகரிப்புச் செலவு கூடுதல் என்று ரேட் பேசும்போது சொல்வதும் அதில் ஒரு பகுதி. பார்ட்டியிடம் நிறத்தைச் சொல்லி வாங்கிக்கொண்டு நிலையத்தில் மட்டும் லிட்டரைச் சொல்லிக் கட்டுகிறோம். நடுவில் தங்கும் தொகை யாருடையது என்று கேட்டால் மனத்தாங்கல் வரும். கேட்காமலும் இருக்க முடியவில்லை.

இப்படிப் பிரிக்கும் யோசனை உலகத்துக்குப் புதிதும் அல்ல. ஜெர்மனியின் ரூர் பகுதியில் எம்ஷர் என்ற ஆறு நிலக்கரிச் சுரங்கங்களாலும் இரும்பாலைகளாலும் சாக்கடையாகிப் போனபோது, 1899இல் அந்த ஆற்றுக்கென்றே ஒரு கூட்டமைப்பை உருவாக்கினார்கள். சுரங்கம், ஆலை, நகராட்சி என்று எல்லோரும் அதில் கட்டாய உறுப்பினர்கள். யார் எவ்வளவு கெடுக்கிறார்கள், யாருக்கு எவ்வளவு பலன் என்று பார்த்து அவரவர் பங்கைத் தீர்மானிக்கிறார்கள். அந்த அமைப்பு இன்றும் இயங்குகிறது. இங்கிலாந்தில் ஆலைக் கழிவுநீருக்குக் கட்டணம் போட மோக்டன் சூத்திரம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். மேற்கு லண்டனில் உள்ள ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் பெயர் அது. தண்ணீரை வாங்கிக் கொண்டுவர இவ்வளவு, அளவுக்கு இவ்வளவு, அதிலுள்ள அழுக்கை உயிரியல் முறையில் நீக்க இவ்வளவு, படியும் சேற்றை அகற்ற இவ்வளவு என்று நான்கு உறுப்புகள் அதில் உண்டு. சராசரியைவிட அழுக்கான தண்ணீரை அனுப்புகிறவருக்கு அந்த விகிதத்தில் கட்டணம் ஏறும். அதில் உப்புக்கு இடமில்லை, ஏனென்றால் அவர்கள் உப்பைப் பிரிப்பதில்லை. நம் செலவின் தலையே உப்பு என்பதால் நம் சூத்திரத்தில் அதற்கு ஒரு தனி உறுப்பு வேண்டும்.

என் யோசனை இதுதான். மொத்தச் செலவை மூன்று கணக்காகப் பிரியுங்கள். ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் வரும் செலவு ஒன்று: கடன் தவணை, ஊழியர் சம்பளம், மின்வாரியத்தின் நிலைக் கட்டணம், காப்பீடு. இதை அவரவர் பதிவு செய்து வைத்திருக்கும் கொள்ளளவின்படி பிரிக்க வேண்டும். இரண்டாவது, தண்ணீரோடு போகும் செலவு: பம்ப்பிங், உயிரியல் தொட்டி, ஆர்.ஓ.வின் அடிப்படை ஓட்டம். இது லிட்டர் கணக்கில் இருக்கட்டும், சி.ஓ.டி., அதாவது கரிம அழுக்கின் அளவு, அதிகமுள்ள தண்ணீருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். மூன்றாவது உப்புக் கணக்கு. எவாப்பரேட்டரின் விறகும் மின்சாரமும், உப்பைப் படிகமாக்கும் கிரிஸ்டலைசர், திரும்பப் பயன்படாத கலப்பு உப்பை மூட்டை கட்டி ஷெட்டில் அடுக்கும் செலவு எல்லாம் இதில் வரும். இதைக் கிலோ கணக்கில் போடுங்கள். உப்புநீரைத் திரும்ப எடுக்கிறவர் அதற்கொரு நியாயமான விலை கொடுக்கட்டும். அந்த வரவு உப்புக் கணக்கிலேயே சேரட்டும்.

இதனால் எனக்கு லாபம் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். வெளுப்பில் காஸ்டிக் போட்டு வேக வைக்கும்போது பருத்தியின் மெழுகும் பிசுக்கும் இறங்கி சி.ஓ.டி.யை ஏற்றுகின்றன. காஸ்டிக்கை ஆசிட் விட்டுச் சமன் செய்யும்போது அதுவும் ஓரளவு உப்பாகத்தான் வந்து நிற்கிறது. அதற்கு உரியதை நானும் கட்ட வேண்டும். கொள்ளளவுக் கணக்கோ என்னைப் போன்றவர்களைத்தான் முதலில் கடிக்கும். ஆர்டர் இல்லாத மாதத்தில் தண்ணீர் அனுப்பாவிட்டால் இப்போது பில் சுருங்கிவிடுகிறது. புதிய முறையில் பட்டறை பூட்டிக் கிடந்தாலும் ஒரு தொகை வரும். அது வலிக்கும். ஆனாலும் நியாயம், நான் அனுப்பாத மாதத்திலும் எனக்கென்று ஒதுக்கிய இடம் நிலையத்தில் காலியாகக் காத்திருக்கிறது, அதன் தவணையை வேலை நடக்கும் பட்டறைகள் என் சார்பில் கட்டிக்கொண்டிருக்கின்றன.

விஞ்ச் என்ற பழைய வகைச் சாய மெஷின் வைத்திருக்கும் சிறிய பட்டறைகளின் நிலை வேறு. பழைய விஞ்ச்சில் கிலோ துணிக்குப் பத்து லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். உப்பு லிட்டர் கணக்கில் போடப்படுவதால் அதே கருப்புக்கு சாஃப்ட்ஃப்ளோக்காரரைவிட அவர் அதிக உப்பு போட வேண்டியிருக்கிறது. புதிய கணக்கு ஒரே நாளில் அமலுக்கு வந்தால் அவருக்கு இரட்டை அடி. ஆகவே உப்புக் கட்டணத்தை இரண்டு ஆண்டுகளில் படிப்படியாக ஏற்றுங்கள். முதல் ஆண்டில் அதில் சேரும் தொகையில் ஒரு பங்கை இந்தப் பட்டறைகள் மெஷின் மாற்றுவதற்குக் கடனாகக் கொடுக்கலாம். மெஷின் மாறினால் உப்பு குறையும், ரிஜெக்ட் குறையும், பெரிய ஆலைகளின் செலவும் சேர்ந்தே குறையும்.

இதற்கு வரும் பெரிய ஆட்சேபம் எனக்குத் தெரியும். பேசும்போதே சில பேர் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள்: உப்புக்குக் காசு போட்டால் அடர்நிறத் தண்ணீரை ராத்திரியில் ஓடையில் திறந்துவிட்டு, அலசல் தண்ணீரை மட்டும் நிலையத்துக்கு அனுப்புவார்கள் என்று. பயம் நியாயமானதுதான். இந்த ஊரின் பெயர் ஒருமுறை கெட்டது அப்படித்தான்.

ஆனால் இதற்கும் உப்பே சாட்சி சொல்லும். துணியில் தங்காது, காற்றில் பறக்காது, பாக்டீரியாவும் தின்னாது. ஒரு பட்டறை மாதம் வாங்கிய உப்பு, நிலையத்திலிருந்து எடுத்த உப்புநீரில் உள்ள உப்பு இரண்டையும் கூட்டினால், அந்தப் பட்டறையின் குழாயில் வந்து சேர வேண்டிய உப்பு தெரிந்துவிடும். வாங்கியது இருபது டன், வந்தது பன்னிரண்டு டன் என்றால் மீதி எட்டு டன் எங்கே என்று கேட்க ஓடையில் காத்திருந்து மாதிரி எடுக்க வேண்டியதில்லை, உப்பு வாங்கிய பில்லே போதும். இப்போதுள்ள லிட்டர் கணக்கில் இந்தக் கேள்வியைக் கேட்க வழியே இல்லை, ஏனென்றால் உப்பை யாரும் எழுதி வைப்பதில்லை.

அளப்பது கடினம் என்பதும் சரியல்ல. ஃப்ளோ மீட்டர் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பக்கத்தில் தண்ணீரின் மின்கடத்தும் திறனை அளக்கும் ஒரு கண்டக்டிவிட்டி சென்சார் வைத்தால் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்பு முதலானவற்றின் அளவு, ஓரளவு துல்லியமாகத் தெரியும். காலை ஆறு மணிக்கு ஒரு பாட்டிலில் பிடித்த மாதிரியை வைத்து மாதக் கட்டணம் போடக் கூடாது என்பதை மட்டும் விதியாக எழுதுங்கள். எந்த நேரத்தில் எந்தத் தண்ணீரைத் திறக்க வேண்டும் என்பது நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். நாள் முழுதும் ஓட்டத்துக்கு ஏற்பச் சேகரித்த கலப்பு மாதிரிதான் செல்லுபடியாக வேண்டும். சண்டை வந்தால் மாதிரியை மூன்றாகப் பிரித்து, ஒன்று நிலையத்துக்கு, ஒன்று உறுப்பினருக்கு, ஒன்று வெளி ஆய்வகத்துக்கு.

ஷெட்டில் அடுக்கி வைத்திருக்கும் கலப்பு உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாயமும் அழுக்கும் கலந்த அந்த உப்பைத் திரும்பச் சாயமிடப் பயன்படுத்த முடியாது, மழையில் நனைய விடவும் முடியாது. மூட்டைகள் ஏறிக்கொண்டே போகின்றன. அவற்றை முறையாக அப்புறப்படுத்தும் செலவு என்றோ ஒருநாள் வரத்தான் போகிறது. அதற்குள் சில பட்டறைகள் கைமாறும், சில மூடும். போகிறவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகமாட்டார். அன்றைக்கு மிஞ்சி நிற்கிறவர் தலையில் அத்தனையும் விழும். இன்று அனுப்பும் உப்பின் மீது இன்றே கிலோவுக்கு ஒரு சிறு தொகையை ஒதுக்கித் தனிக் கணக்கில் போட்டால் அந்தப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். அந்தக் கணக்கிலிருந்து வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. சம்பளத்துக்குக்கூட.

செலவைப் பங்கு போடுவதில் நமக்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. நிலையங்கள் வருவதற்கு முன்பு நாம் மிச்சம் பிடித்த செலவை நம் சார்பில் கட்டியவர்கள் நொய்யல் கரை விவசாயிகள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்த வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் டி.டி.எஸ்.; நாம் அனுப்பியது அதைப் போலப் பல மடங்கு. பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணையில் சாயத் தண்ணீர் தேங்கி, அணையைத் திறக்காதீர்கள் என்று கீழ்மடை விவசாயிகளே கெஞ்சும் நிலை வந்தது. கிணறு உப்பானது, தென்னை காய்ந்தது. நாம் அன்று வெளியே தள்ளிய செலவு இன்று நிலையத்துக்குள் வந்திருக்கிறது. உள்ளே வந்த பிறகும் பக்கத்துப் பட்டறைக்காரர் தலையில் அதைத் தள்ளுகிறோம்.

இதையெல்லாம் இந்தப் பொதுக்குழுவிலேயே தீர்மானமாக்குங்கள் என்று கேட்கவில்லை. நம்மில் பெரிய பங்கு யாரிடம் இருக்கிறது, வாக்கு எப்படி விழும் என்பதும் தெரியாததல்ல. இரண்டு காரியங்கள் மட்டும் செய்யுங்கள். ஆண்டறிக்கையில் இயக்கச் செலவு என்று ஒரே வரியில் போடுவதை விட்டு, எவாப்பரேட்டரின் விறகையும் மின்சாரத்தையும் தனியாகக் காட்டுங்கள். அடுத்த மூன்று மாதம் ஒவ்வொரு உறுப்பினருக்கும் அனுப்பும் பில்லில் பழைய லிட்டர் கணக்கின் தொகைக்குக் கீழே, மூன்று கணக்கு முறையில் எவ்வளவு வந்திருக்கும் என்பதையும் அச்சிடுங்கள். வசூல் பழையபடியே நடக்கட்டும். சென்சார் வாங்கும் செலவுக்கு என் பங்கை இந்த மாதமே முன்பணமாகக் கட்டச் சம்மதம். அதற்கான ரசீதை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓர் உறுப்பினர்,
வெளுப்பு மற்றும் வெளிர் நிறச் சாயப் பட்டறை, திருப்பூர்